கள்ளக்காசு எங்கே பிறந்தது? பினாங்கு டாலர்களும் உலோகச் சோதனையும்

2005 டிசம்பர் 7-ஆம் தேதியோடு ஒரு வெள்ளி (ரிங்கிட்) நாணயம் செல்லாது என்று மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். 1989-இல் புழக்கத்துக்கு வந்த காசு அது. கள்ளக்காசு பெருகிப்போனதுதான் அதைத் திரும்பப் பெற முக்கியக் காரணம். நோட்டை விட்டுவிட்டுக் காசைப் போய் எவன் போலியாக அடிப்பான் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பினாங்குத் துறைமுகத்தின் பழைய கதை தெரிந்தவர்கள் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி நாட்டிய நாளிலிருந்து இங்கே பெரிய வியாபாரமெல்லாம் ஸ்பானிய டாலரில்தான் நடந்தது. மெக்சிகோ மலைகளில் வெட்டியெடுத்த வெள்ளி, அங்கேயே நாணயமாகி, பாதி உலகம் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்குக்குச் செப்புக்காசு அடித்தது. கல்கத்தாவிலிருந்து ஆட்சி செய்தவர்கள் ரூபாயைக் கணக்கில் திணித்துப் பார்த்தார்கள், கடைத்தெரு மசியவில்லை. ஸ்பானிய டாலருக்குப் பிறகு மெக்சிகோ டாலர், அமெரிக்க வர்த்தக டாலர், ஜப்பானிய யென், 1895 முதல் பிரிட்டிஷ் வர்த்தக டாலர் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் 1903-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி டாலரே வந்தது. சூலியா தெருவின் மரைக்காயர்களும் பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி போட்ட செட்டியார்களும் ஒரே பெட்டிக்குள் நாலைந்து தேசத்துக் காசுகளை வைத்துப் புழங்கினார்கள். இத்தனை முகங்கள் புழங்கும் இடத்தில் ஒரு பொய்முகத்தை நுழைப்பது பெரிய காரியமில்லை.

நுழைத்தார்கள். சீனத் துறைமுகங்களில் அடித்தார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் அடித்தார்கள். அங்கே பொத்தான் அடித்துக்கொண்டிருந்த பட்டறைகளுக்கு டாலர் அடிப்பதும் கைவந்த வேலைதான்.

அந்தப் போலிகளை இன்று எடுத்து வைத்துக்கொண்டு “இது எங்கே, எப்போது செய்தது?” என்று கேட்டால், காசின் மேல் இருக்கிற வருடம் உதவாது. 1790 என்று போட்ட கள்ள டாலரை 1795-இலும் செய்திருக்கலாம், 1835-இலும் செய்திருக்கலாம், போன வருடமும் செய்திருக்கலாம். அதிகாரபூர்வ நாணயசாலை எத்தனை காசு அடித்தது, எந்த வெள்ளியில் அடித்தது என்று கணக்கு எழுதி வைத்துப் போயிருக்கிறது. கள்ளக்காசு அடித்தவன் கணக்கு எழுதவில்லை. அவன் விட்டுப்போன ஒரே ஆவணம் அந்த உலோகம். அதனால்தான் நல்ல காசைவிடக் கள்ளக்காசின் உலோகத்தை ஆராய்வது பல நேரங்களில் பலனுள்ள வேலை என்று நான் நினைக்கிறேன்.

முதலில் இரண்டு வகைப் போலிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அந்தக் காலத்துக் கடைக்காரரை ஏமாற்றச் செய்தது. இன்னொன்று, இந்தக் காலத்துச் சேகரிப்பாளரை ஏமாற்றச் செய்தது. முன்னது இப்போது ஒரு வரலாற்றுப் பொருள். அதற்கென்றே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பின்னது குப்பை. பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் துணி விரித்துப் பரப்பியிருக்கும் டாலர்களில் இந்தப் பின்னதுதான் கண்ணில் படும். கணக்கு எளிது. பிரிட்டிஷ் வர்த்தக டாலரின் எடை 26.95 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது 24 கிராமுக்கும் மேல், சுத்த வெள்ளி. அந்த வெள்ளியின் விலைகூட வராத விலைக்கு ஒருவர் அதைத் தூக்கிக் கொடுக்கிறார் என்றால், அவர் தர்மம் செய்ய உட்கார்ந்திருக்கவில்லை.

உலோகத்தைச் சோதிப்பது நமக்குப் புதிதல்ல. சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் தாமோதரனார் போல, காசின் தரம் பார்க்கும் வண்ணக்கர் தொழிலைப் பெயரோடு சுமந்தவர்கள் இருக்கிறார்கள். பினாங்கில் அந்த வேலையைச் சீன நோட்டக்காரர்கள் செய்தார்கள். காசைச் சுண்டி ஓசை கேட்பார்கள், கையில் எடை பார்ப்பார்கள், சரி என்று பட்டால் தங்கள் முத்திரையை அதன் மேலேயே குத்திவிடுவார்கள். அந்தக் குத்துத் தழும்பு இன்றைய ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துத் தழும்பின் அடிப்பகுதியைப் பாருங்கள். நல்ல வெள்ளி என்றால் பள்ளத்துக்குள்ளும் அதே வெண்மை இருக்கும். முலாம் என்றால் பள்ளத்தின் ஓரத்தில் மேல்தோல் கிழிந்து, அடியில் செம்பின் சிவப்போ பித்தளையின் மஞ்சளோ எட்டிப் பார்க்கும். கள்ளக்காசு அடித்தவர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை, போலி முத்திரைகளையும் தாங்களே குத்தி அனுப்பினார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்து அடர்த்தி. இதற்கு ஒரு நல்ல தராசும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். 90 விழுக்காட்டு வெள்ளி, மிச்சம் செம்பு என்ற கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 10.3. அதே அளவுக்கு, அதே தடிப்புக்கு, வெள்ளி போலத் தெரியும் செம்புக் கலவையான ஜெர்மன் சில்வரில் ஒரு டாலர் அடித்தால், அதன் அடர்த்தி 8.7-தான் என்பதால், 27 கிராம் இருக்க வேண்டிய காசு 23 கிராமுக்குள் நின்றுவிடும். எடையைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் காசைக் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் தடிப்பாக்க வேண்டும். நோட்டக்காரர் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். கெட்டிக்காரக் கள்ளன் வேறு வழி பார்ப்பான். நூற்றுக்கு 82 பங்கு காரீயமும் 18 பங்கு வெள்ளீயமும் கலந்தால் அடர்த்தி கணக்காக 10.3-க்கு வந்து நிற்கும். தராசும் தண்ணீரும் இதைப் பிடிக்காது. ஆனால் அப்படிச் செய்த காசு சுண்டினால் ஓசை தராது, விளிம்பைக் காகிதத்தில் இழுத்தால் பென்சில் மாதிரி கோடு போடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் தங்க நாணயங்களைப் பிளாட்டினத்தில் அடித்து, மேலே தங்க முலாம் பூசி மாற்றினார்கள். பிளாட்டினம் அப்போது தங்கத்தைவிட மலிவு, கனமும் குறையாது. பிறகு பிளாட்டினம் விலை ஏறிய காலங்களில் அந்தக் கள்ளக்காசு அசலைவிட மதிப்புள்ளதாகிவிட்டது. செய்தவன் இருந்து பார்த்திருந்தால் நொந்துபோயிருப்பான்.

சரி, இப்போதைய கருவிக்கு வருவோம். நகைக்கடைகளிலும் அடகுக்கடைகளிலும் ஒரு சின்னப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். நகையை உள்ளே வைத்து மூடினால் கொஞ்ச நேரத்தில் திரையில் தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று வந்துவிடும். எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை, சுருக்கமாக எக்ஸ்.ஆர்.எஃப். எக்ஸ்-கதிர் போய் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. காலியான இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து ஒன்று இறங்குகிறது. இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட ஆற்றலுள்ள கதிரை வெளியே விடுகிறது. அந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி. செம்புக்கு 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட், வெள்ளிக்கு 22.16. காசை அறுக்க வேண்டாம், அமிலத்தில் கரைக்க வேண்டாம். அதனால் அருங்காட்சியகங்களும் இதைத்தான் முதலில் எடுக்கின்றன.

நகைக்குச் சரியாக வேலை செய்கிற இந்தப் பெட்டி பழைய காசிடம் ஏமாறும். அது பார்ப்பது மேல்தோலை மட்டுமே. வெள்ளிக் காசில் சில பத்து மைக்ரான் ஆழம்வரைதான் செய்தி கிடைக்கும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. தரம் குறைந்த வெள்ளிக் காசை வில்லையாக இருக்கும்போதே காய்ச்சி அமிலத்தில் முக்கி எடுத்தால், மேற்பரப்பிலிருக்கும் செம்பு கரைந்துபோய் வெள்ளி மட்டும் நிற்கும். பத்தர்கள் எல்லாருக்கும் தெரிந்த வேலை இது. மண்ணுக்குள் நூறு வருடம் கிடந்த காசிலும் இதே மாதிரி செம்பு வெளியேறிவிடும். ஆக, பெட்டி 90 என்று காட்டுகிற காசின் உள்ளே 60-தான் இருக்கலாம். இதற்குப் பரிகாரம், விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஊசிமுனையளவு சுரண்டி அங்கே பார்ப்பது. இல்லையென்றால் வெள்ளி விடுகிற இரண்டு வகைக் கதிர்களை ஒப்பிடுவது. 2.98-இல் வருவது மேற்பரப்பின் சில மைக்ரானிலிருந்து மட்டும் வரும், 22.16-இல் வருவது இன்னும் ஆழத்திலிருந்தும் வரும். இரண்டும் ஒரே கணக்கைச் சொல்லவில்லை என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

இனி பிறந்த தேதிக்கு வருவோம். ஒவ்வொரு உலோகத்துக்கும், ஒவ்வொரு முலாம் முறைக்கும் உலகத்தில் அறிமுகமான ஒரு நாள் உண்டு. காசில் அது இருந்தால், காசு அந்த நாளுக்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. 1740-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பௌல்சோவர் என்பவர் செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டி உருட்டும் முறையைக் கண்டுபிடித்தார். 1840-இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. இரண்டுமே வெளியே வெள்ளி, உள்ளே செம்பு. ஆனால் ஷெஃபீல்டு தகட்டின் வெள்ளியில் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும், தோலும் தடிப்பாக இருக்கும். மின்முலாமோ ஏறக்குறையச் சுத்த வெள்ளி, மெல்லிய படலம். 1795 என்று போட்ட காசில் மின்முலாம் இருந்தால் அது 1840-க்குப் பிந்தியது. பழைய போலிக்கே பின்னால் யாரோ புதிதாக முலாம் போட்டிருக்கவும் கூடும் என்பதால், முலாத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

இதைவிடச் சுவாரசியமானது ஜெர்மன் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே ஒரு குன்றிமணி வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை. பார்க்க வெள்ளி மாதிரியே இருக்கும், முலாம் தேய்ந்தாலும் சிவப்பு தெரியாது. கள்ளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜெர்மனியில் 1820-களில்தான் இது வியாபார அளவில் உற்பத்திக்கு வந்தது. ஆகவே 1780, 1790 என்று வருடம் போட்ட ஸ்பானிய டாலர்கள் ஜெர்மன் சில்வரில் கிடைத்தால், அவை வருடத்துக்கு முப்பது நாற்பது ஆண்டு கழித்துப் பிறந்தவை என்று சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் கிடைத்த காசுக்கு இந்தக் கணக்குப் போதும். பினாங்கில் கிடைத்ததற்குப் போதாது. ஏனென்றால் சீனாவின் யுன்னானில் இதே கலவையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்கள். பாக்டொங் என்று பெயர். ஜெர்மன்காரர்களே அதைப் பார்த்துப் போலி செய்ய முயன்றுதான் தங்கள் கலவையைக் கண்டுபிடித்தார்கள்.

அப்போது எப்படிப் பிரிப்பது? நிக்கலோடு ஒட்டிக்கொண்டு வரும் சில்லறைத் தனிமங்களைப் பார்க்க வேண்டும். ஆரம்பகால ஜெர்மன் நிக்கல், சாக்சனிப் பகுதியின் கோபால்ட் தாதுக்களிலிருந்து கிடைத்த கசடு. அதில் கோபால்ட்டும் ஆர்செனிக்கும் கூடவே வரும். 1870-களிலிருந்து நியூ கலிடோனியாத் தீவின் தாது சந்தைக்கு வந்தது. அதில் ஆர்செனிக் கிடையாது. 20-ஆம் நூற்றாண்டில் நிக்கலைச் சுத்திகரிக்கும் முறைகள் மாறியபின் கோபால்ட்டும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஒரே மாதிரி மினுக்குகிற மூன்று போலி டாலர்களை வரிசையாக வைத்தால், ஒன்று 1830-களின் பட்டறைக்காரன் வேலை, ஒன்று விக்டோரியா காலக் கடைசி, ஒன்று நேற்று அடித்தது என்று இந்தச் சில்லறைகளை வைத்துத் தரம் பிரிக்கலாம். இந்த நுணுக்கத்துக்கு நகைக்கடைப் பெட்டி போதாது. லேசர் கொண்டு மயிரிழை அகலத்துக்கு ஒரு குழி போட்டு, ஆவியான துகளை, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறைமாலைமானியில் செலுத்திப் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே வெள்ளியில் செய்த போலிகளும் உண்டு. அவற்றைப் பிடிக்க உதவுவது தங்கம். இயற்கையில் கிடைக்கும் வெள்ளியோடு எப்போதும் துளி தங்கம் சேர்ந்திருக்கும். பழங்காலத்தில் அந்தத் துளியைப் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் தங்கத்தின் விலையைவிட அதிகம் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கந்தக அமிலம் கொண்டு பிரிக்கும் முறை வந்தது, நூற்றாண்டின் இறுதியில் மின்பகுப்பு வந்தது. அதன்பின் சந்தைக்கு வரும் வெள்ளியில் தங்கம், காரீயம், பிஸ்மத் மூன்றும் துடைத்தெடுத்த மாதிரி இருக்கும். 1781 என்று வருடம் போட்டு, தேய்மானமெல்லாம் அழகாகச் செய்து, எடையும் சரியாக இருக்கும் ஒரு ஸ்பானிய டாலரில் இந்த மூன்றும் இல்லையென்றால் அது நம் காலத்துச் சரக்கு. இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஸ்பெயின் அரசே 1772-இலும் 1786-இலும் சத்தமில்லாமல் டாலரின் வெள்ளியைக் குறைத்தது, 91.7-இலிருந்து 90.3, பிறகு 89.6. இதைத் தெரிந்துகொள்ளாமல் 1760-ஆம் வருடத் தூண் டாலரைச் சுத்தமான 90-இல் அடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். மலாய்க்காரர்கள் அதில் பொறித்த தூண்களைப் பீரங்கி என்று நினைத்து ரிங்கிட் மரியாம் என்று அழைத்தது இந்தக் காசைத்தான்.

தங்கத் துளியின் இன்னொரு பயன் இதைவிட நுட்பமானது. அந்தக் காலத்துக் கள்ளன் நல்ல டாலர்களை உருக்கி, செம்பைச் சேர்த்து, இரண்டை மூன்றாக்கினான் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியின் பங்கு குறையும். ஆனால் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இடையிலுள்ள விகிதம் மாறாது, ஏனென்றால் சேர்த்த செம்பு கணக்கில் வரும்படித் தங்கத்தைக் கொண்டுவருவதில்லை. ஆகவே கலப்படக் காசின் வெள்ளி-தங்க விகிதம் மெக்சிகோ டாலரின் விகிதத்தோடு பொருந்தினால், மூலப்பொருள் எது என்று தெரிந்துவிடுகிறது. செம்பு கொண்டுவரும் ஆர்செனிக், ஆன்டிமனி, நிக்கல் ஆகியவை செம்பு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தனித் துப்பு.

கடைசியாக ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு வகைகள். காரீயத்தில் 204, 206, 207, 208 என்று நான்கு வகை அணுக்கள். பின்னுள்ள மூன்றும் யுரேனியம், தோரியம் சிதைந்து சிதைந்து கூடிக்கொண்டே வந்தவை. தாது உருவான காலமும் பாறையின் தன்மையும் வேறானால் இந்த நான்கின் விகிதமும் வேறாகும். உருக்கினாலும் வார்த்தாலும் அடித்தாலும் விகிதம் மாறாது. நம் வட்டாரத்துக்கு நெருக்கமான ஒரு உதாரணம் இருக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் துப்பாக்கிக் குண்டுகளிலும் கிறிஸ்துவப் பதக்கங்களிலும் எங்கிருந்து வந்தது என்று புரியாத ஒரு காரீயம் இருந்தது. விகிதங்களை ஒப்பிட்டுத் தேடிய ஜப்பானிய ஆய்வாளர்கள் கடைசியில் அதன் ஊற்றைத் தாய்லாந்தின் சோங் டோ சுரங்கத்தில் கண்டுபிடித்தார்கள். இருப்பது காஞ்சனபுரியில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் நம் தாத்தாமார்களைச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோன அதே காஞ்சனபுரி.

கெடா, கிளந்தான், திரங்கானு பக்கத்து வெள்ளீயப் பிட்டிஸ் காசுகளுக்கும், பினாங்கில் கம்பெனி காலத் தொடக்கத்தில் புழங்கிய வெள்ளீயப் பைசாவுக்கும் இந்த முறை ரொம்பப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆற்று மணலை அலசி எடுத்த மலாயா வெள்ளீயம் சுத்தத்துக்குப் பேர்போனது. ஈய லம்பங்களிலிருந்து, அதாவது வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்து, வந்ததில் காரீயம் மிகக் குறைவு. ஒரு காசில் காரீயம் கணிசமாக இருந்தால் அதை யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காரீயம் சயாமுடையதா, சீனாவுடையதா, கப்பலில் வந்த ஐரோப்பியச் சரக்கா என்பதை ஐசோடோப்பு பிரித்துக் காட்டும்.

வெள்ளிக்கும் இதைச் செய்திருக்கிறார்கள். 2011-இல் பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் வெள்ளி, செம்பு, காரீயம் மூன்றின் ஐசோடோப்புகளையும் அளந்து, மெக்சிகோ வெள்ளியையும் ஆண்டிஸ் மலை வெள்ளியையும் ஐரோப்பிய வெள்ளியையும் ஸ்பெயினின் பழைய காசுகளில் தனித்தனியே அடையாளம் கண்டார்கள்.

இவ்வளவு இருந்தும் உலோகம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாது. தாது எங்கே வெட்டினது என்று சொல்லும். காசை எங்கே அடித்தார்கள் என்று சொல்லாது. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்துச் செம்பை மூட்டை மூட்டையாக ஆசியாவுக்கு இறக்கியது. சீனாவின் கான்டனில் அடித்த கள்ள டாலரிலும் இங்கிலாந்தின் கார்ன்வால் செம்பு இருக்கலாம். பல நாட்டுக் காசுகளைச் சேர்த்து உருக்கிய மூசையில் ஐசோடோப்பு விகிதங்கள் கலந்து, எந்தச் சுரங்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரு நடுவிகிதம் வந்து நிற்கும். அறிக்கையில் நான்கு தசம இடம்வரை எண்களைப் பார்த்ததும் “ஆகவே இது பர்மிங்காம் வேலை” என்று எழுதிவிடுகிற அவசரம் சேகரிப்பாளர்களிடம் நிறையவே இருக்கிறது. பட்டறையைச் சொல்வது அச்சு. ஒரே அச்சில் அடித்த பல போலிகளைச் சேர்த்து, அவற்றின் உலோகமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தால்தான் ஒரு பட்டறையின் உருவம் தெரிய ஆரம்பிக்கும். தனிக்காசு ஒன்றை வைத்துக்கொண்டு அது முடியாது.

கையில் ஒரு சந்தேக டாலர் இருப்பவர்கள் லேபரட்டரி வரை போகத் தேவையில்லை. காந்தம் வையுங்கள், ஒட்டினால் கதை முடிந்தது. எடை பாருங்கள், வருடத்தோடு ஒப்பிட்டு: 1903-ஆம் வருட நீரிணை டாலர் 26.95 கிராம், 1907 முதல் 20.21, 1919-இல் 16.85, அதிலும் வெள்ளி பாதிதான். ஸ்பானிய டாலர் என்றால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: வட்டமும் கட்டமுமாக மாறி மாறிப் போகும் அந்த வேலைப்பாட்டை இரண்டு பட்டைகள் கொண்டு அழுத்தியதால், எதிரெதிரே இரண்டு இடங்களில் அது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். இதெல்லாம் தேறினால் அப்புறம் நகைக்கடைப் பெட்டிக்குப் போகலாம். போவதற்கு முன்னால் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். விலை போவது ஒரு பக்கம், பெட்டி பார்க்கப்போவது நீங்கள் தேய்த்த அந்த மேல்தோலைத்தான்.